லெஷர்: ஓய்வைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் தோற்றமும் பொருள் வரலாறும்

முன்னுரை

ஆங்கிலத்தில் ஓய்வைக் குறிக்க வழங்கும் சொற்களுள் 'லெஷர்' என்பது ஒன்று. தமிழில் இதனை ஓய்வு, ஓய்வு நேரம், ஒழிவு நேரம் எனப் பலவாறாகப் பெயர்த்து வழங்குகிறோம். இப்பெயர்ப்புகள் அனைத்தும் வேலையற்ற பொழுது என்னும் இன்றைய பொருளையே தருகின்றன. ஆயின் இச்சொல் பிறந்தபோது பொழுதையும் குறிக்கவில்லை. களைப்பு நீங்குதலையும் குறிக்கவில்லை. இசைவு அல்லது அனுமதி என்பதே இதன் வேர்ப்பொருள்.

ஓய்வைக் குறிக்கும் சொல் ஒன்று இசைவு என்னும் பொருளடியாகப் பிறந்தது ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இசைவு என்றால் இசைவு தருவோரும் பெறுவோரும் என இரு சாரார் உளர் என்பது பெறப்படும். ஆகவே இச்சொல்லின் வரலாறு, யார் ஓய்வெடுக்கலாம், அதனை யார் முடிவுசெய்வது என்னும் வழக்கின் வரலாறாகவும் அமைகிறது. இங்கிலாந்தின் சட்டங்களையும் தொழிலாளர் வரலாற்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இதனை ஆராய்வதும், இந்தியச் சட்டத்திலும் இந்திய மொழிகளிலும் இக்கருத்து அடைந்த வடிவங்களை ஒப்புநோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஓய்வும் ஆங்கிலச் சொற்களும்

ஓய்வு தொடர்பான ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓய்வின் ஒவ்வொரு கூற்றைப் பற்றிக்கொண்டு பிறந்தவை. 'ரெஸ்ட்' என்பது செருமானியக் கிளைக்குரிய பழஞ்சொல். இதன் இனச்சொல்லாகிய 'ரஸ்தா' என்பது கோதிக் மொழியில் ஒரு வழித்தொலைவைக் குறித்தது. நடந்து களைத்தவன் தங்கும் இடமும் அத்தங்கலுக்கு முற்பட்ட தொலைவும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டன எனலாம். 'ஹாலிடே' என்பது புனித நாள் என்னும் கூட்டுச்சொல்லின் திரிபு. இங்கு ஓய்வு இறைவனுக்குரிய நாளின் பயனாக வருகிறது. 'வெகேஷன்' என்பது வெறுமையாக இருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. இசுபானியத்திலிருந்து வந்த 'சியெஸ்டா' ஆறாம் மணிப்பொழுதைக் குறிக்கும் இலத்தீன் தொடரின் வழிவந்தது. பகலவன் எழுந்தது முதல் எண்ணினால் ஆறாம் மணி நண்பகலாகும்.

இவை முறையே பயணம், இறைமை, வெறுமை, பொழுது என்பனவற்றை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுக்கு மாறாக, ஒரு மனிதர் மற்றொரு மனிதர்மீது செலுத்தும் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டவை இரண்டு சொற்கள். ஒன்று 'லெஷர்', மற்றொன்று நம் அன்றாட வழக்கில் லீவு எனக் கலந்துவிட்ட 'லீவ்'. 'லீவ்' என்னும் பெயர்ச்சொல்லை நீங்குதல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லோடு இணைத்துக் காண்பது இயல்பு. ஆனால் அவை வெவ்வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் இப்பெயர்ச்சொல் இசைவு என்றே பொருள்பட்டது. செருமானிய வழிச் சொல்லும் இலத்தீன் வழிச் சொல்லும் தனித்தனியே இசைவிலிருந்து ஓய்வுக்கு வந்து சேர்ந்திருப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

சொற்பிறப்பு

இலத்தீனில் 'லிகேரெ' என்பது இசைவுடையதாதல் என்னும் பொருளுடைய வினை. ஒரு செயலைச் செய்யலாம், அதற்குத் தடையில்லை என்னும் பொருளில் இவ்வினையின் 'லிகெத்' என்னும் வடிவம் வழங்கியது. இது பழைய பிரெஞ்சில் 'லெய்சிர்' எனத் திரிந்து, வினையாக நின்றதோடு பெயராகவும் ஆயிற்று. இன்றைய பிரெஞ்சில் இதன் வடிவம் 'லுவாசிர்' என்பதாகும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஆங்கிலத்தில் கலந்த பிரெஞ்சுச் சொற்கள் பல. அவ்வழியில் வந்த இச்சொல் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துவழக்கில் இடம்பெற்றுவிட்டது. அளவு, இன்பம் ஆகிய பொருள்களைத் தரும் 'மெஷர்', 'பிளெஷர்' என்னும் சொற்களின் ஒப்புமையால் இதன் ஈறு பின்னர் இன்றைய வடிவத்தைப் பெற்றது.

'லிகேரெ' என்னும் இதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் 'லைசென்ஸ்'. ஊர்தி ஓட்டவும் கடை நடத்தவும் அரசு தரும் உரிமத்தின் பெயரும், வேலையற்று இருக்கும் பொழுதின் பெயரும் உடன்பிறப்புச் சொற்கள் என்பது இன்று வியப்பளிக்கலாம். சட்டத்துக்குப் புறம்பானது என்னும் பொருளுடைய 'இல்லிசிட்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆங்கிலத்தில் 'லெஷர்' பெற்ற பொருள்வளர்ச்சியை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம். ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்வதற்கான இடமும் வாய்ப்பும் என்பது முதல்நிலை. எச்செயலோடும் பிணைக்கப்படாத தன்விருப்பப் பொழுது என்பது இரண்டாம் நிலை. உழைப்பு நேரம் கழிந்த எஞ்சிய நேரம் என்பது மூன்றாம் நிலை. முதல் இரண்டு நிலைகளும் ஒருவர் எதனைச் செய்யலாம் என்பதைச் சுட்டுகின்றன. மூன்றாம் நிலை ஒருவர் எதனைச் செய்யாதிருக்கிறார் என்பதைச் சுட்டுகிறது. கடிகாரம் உழைப்பின் அளவுகோலான காலத்தில்தான் இம்மூன்றாம் பொருள் ஓங்கியது.

கிரேக்கப் பின்புலம்

ஓய்வை மனித வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டு பேசியவர் அரிசுடாட்டில். கிரேக்கத்தில் ஓய்வுக்குரிய சொல் 'ஸ்கோலே'. வேலை என்பதைக் குறிக்க 'அஸ்கோலியா', அஃதாவது ஓய்வின்மை, என எதிர்மறையாகவே ஒரு சொல் அமைந்தது. உரோமரும் ஓய்வை 'ஓதியும்' என்றும், அலுவலை அதன் எதிர்மறையாக 'நெகோதியும்' என்றும் வழங்கினர். ஓய்வே இயல்பு, வேலை அதன் இன்மை என்னும் பார்வை இச்சொல்லாக்கங்களில் பொதிந்துள்ளது.

ஆனால் இவ்வியல்பு யாருக்கு உரியது? அடிமைகளுக்கு ஓய்வில்லை என்னும் பழமொழியை அரிசுடாட்டில் தம் 'அரசியல்' நூலில் எடுத்தாள்கிறார். 'மெய்ப்பொருளியல்' நூலின் தொடக்கத்தில், கணிதக் கலைகள் எகிப்தில் தோன்றியதற்குக் காரணம் அங்குக் குருமார் வகுப்பினர் ஓய்ந்திருக்க விடப்பட்டமையே என்கிறார். விடப்பட்டனர் என்னும் அச்செயப்பாட்டுவினை குறிப்பிடத்தக்கது. அறிவு வளர்த்த அவர்களது ஓய்வும் பிறரால் விடப்பட்டதே. உழைத்து உணவளித்தோர் வேறு எங்கோ இருந்தனர்.

'ஸ்கோலே' என்பதே கற்றுரையாடும் பொழுதையும், பின்னர் அவ்விடத்தையும் குறித்து, 'ஸ்கூல்' என ஆங்கிலத்தில் நிலைத்தது. இதற்கு ஒப்பான ஒரு வளர்ச்சி தமிழில் உண்டு. பள்ளி என்னும் சொல் படுக்கையையும் துயிலிடத்தையும் குறித்து, துறவியர் உறைவிடத்துக்கு ஆகி, பின் கல்விக்கூடத்தைக் குறித்தது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைத்தளங்களில் உள்ள, கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில், கணி நந்தன் என்னும் துறவிக்காக நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி குறிக்கப்பெறுகிறது. கிரேக்கச் சொல் பொழுதிலிருந்து கல்விக்கு வந்தது. தமிழ்ச் சொல் இடத்திலிருந்து கல்விக்கு வந்தது. இரண்டிலும் ஒருவரது ஓய்வு மற்றவர் கொடையாலும் உழைப்பாலும் இயன்றது என்பது பொது.

இசைவளித்த சட்டங்கள்

'லெஷர்' என்னும் சொல்லின் வேர்ப்பொருளை இங்கிலாந்தின் பழைய உழைப்புச் சட்டங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாம் எலிசபெத் காலத்தில் 1563இல் இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம் இவற்றுள் முதன்மையானது. மார்ச்சு நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, கூலிக்கு உழைப்போர் காலை ஐந்து மணிக்கோ அதற்கு முன்னரோ வேலைக்கு வரவேண்டும். மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட பொழுது வரை உழைக்கவேண்டும். காலையுணவு, நண்பகலுணவு, பருகுதல் ஆகியவற்றுக்கெனத் தரப்படும் இடைவேளை அனைத்தும் சேர்ந்து இரண்டரை மணிநேரத்தை விஞ்சலாகாது. வேலையில் இல்லாத ஒவ்வொரு மணிக்கும் ஒரு பென்னி கூலியில் கழிக்கப்படும்.

இச்சட்டத்தில் உறக்கத்துக்கும் ஒரு விதி உண்டு. மே நடுப்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை, தொழிலாளி பகலில் உறங்க விடப்படும் காலத்தில், அவ்வுறக்கம் அரைமணியை மிஞ்சலாகாது என அது வரையறுக்கிறது. கோடையில் விடியற்காலம் தொட்டு உழைத்தவனின் கண்ணயர்வுக்கும் நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டியிருந்தது. இசைவு என்னும் வேர்ப்பொருளுக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

இதே காலப்பகுதியில் திருநாள்களும் சுருங்கின. எட்டாம் ஹென்றி 1536இல் அறுவடைக் காலத்தில் வரும் திருநாள்கள் பலவற்றை நீக்கினார். திருநாள்கள் மிகுந்தமையால் தொழில் கெடுகிறது, பயிர் வீணாகிறது, மக்கள் சோம்பலுக்கு ஆட்படுகின்றனர் என்பன கூறப்பட்ட காரணங்கள். சமயச் சீர்திருத்தமும் உழைப்பு ஒழுங்கும் இங்குக் கைகோத்தன. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் பின் மக்கள் ஆடியும் விளையாடியும் மகிழலாம் என முதலாம் ஜேம்ஸ் 1618இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'விளையாட்டுகளின் நூல்' என வழங்கிய இவ்வறிவிப்பை முதலாம் சார்லசு 1633இல் மீண்டும் வெளியிட்டார். தூய்மைவாதிகள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1643இல் நாடாளுமன்ற ஆணைப்படி அது எரிக்கப்பட்டது. அரசர் தந்த இசைவை நாடாளுமன்றம் தீயிலிட்டது.

1647இல் அதே நாடாளுமன்றம் கிறித்து பிறப்பு, உயிர்ப்பு முதலிய திருநாள்களை நீக்கியது. அவற்றுக்கு ஈடாக, மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை மாணாக்கர், பயிற்சித் தொழிலாளர், பணியாளர் ஆகியோர் இளைப்பாறும் நாளாக அறிவித்தது. இறைவனுக்குரிய நாள் அகன்று, நாட்காட்டியில் எண்ணிக் குறித்த நாள் அவ்விடத்தில் வந்தமர்ந்தது. ஆயினும் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அவரவர் தலைவரின் இசைவை முன்னதாகப் பெற்றிருத்தல் வேண்டும். திருநாளில் ஓய்வெடுக்கத் தலைவனைக் கேட்க வேண்டியதில்லை. திருச்சபையே அதனை விதித்திருந்தது. புதிய ஓய்வுநாளிலோ தலைவன் வாயில்முன் நிற்க வேண்டியதாயிற்று.

ஆலையும் கடிகாரமும்

எல்லோரும் இசைவுக்குக் காத்திருந்தனர் எனக் கொள்வதும் பொருந்தாது. பொருளின் அளவுக்கேற்பக் கூலி பெற்ற நெசவாளர், தோல் தொழிலாளர், உலோக வினைஞர் முதலியோர் திங்கட்கிழமையையும் தாமாகவே ஓய்வுநாள் ஆக்கிக்கொண்டனர். எந்தத் திருச்சபையும் ஏற்றிராத அந்நாளை 'புனிதத் திங்கள்' என நகைச்சுவையாகப் பெயரிட்டு வழங்கினர். இ. பி. தாம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையை அதன் முடிவால் அளக்கும் பழைய வழக்கம் கடிகாரத்தால் அளக்கும் வழக்கத்துக்கு இடந்தந்த முறையை விளக்கினார். 1976இல் டக்ளசு ரீடு, 1766 முதல் 1876 வரையிலான காலத்தில் புனிதத் திங்கள் தேய்ந்து மறைந்ததை பர்மிங்காம் நகரச் சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்தார்.

நீராவியால் இயங்கும் ஆலையில் தனியொருவர் தம் விருப்பம்போல் நிற்கவும் தொடங்கவும் இயலாது. ஆலை வாயில் அடைக்கப்பட்ட பின் வருபவர் கூலியிழந்தார். இந்நெருக்கடி எழுத்தலுவலகங்களையும் தொட்டது. முன்னர்ப் புனிதர் நாள்கள் பலவற்றில் மூடப்பட்டிருந்த இங்கிலாந்து வங்கி, 1834 முதல் ஆண்டுக்கு நான்கு நாள்கள் மட்டுமே விடுமுறை விட்டது.

இழந்த ஓய்வு மீண்டதும் சட்டத்தின் வழியாகவே. 1847இன் சட்டம் துணியாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் என வரம்பிட்டது. 1850இன் சட்டம் அவர்களது சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு முடித்தது. பெண்களும் இளையோரும் வெளியேறிய பின் ஆலையை ஓட்டுதல் அரிதாகையால், ஆண் தொழிலாளர்க்கும் இவ்வரைநாள் பலவிடங்களில் கிட்டியது. ஜான் லப்பக் முயற்சியால் 1871இல் நிறைவேறிய வங்கி விடுமுறைச் சட்டம், சமயச் சார்பற்ற பொதுவிடுமுறை என்னும் கருத்துக்கு வழிவகுத்தது.

ஓய்வு தந்தோர் அதனைக் கழிக்கும் முறையையும் வகுக்க முற்பட்டனர். சமயச் சிறுநூல் கழகம் 1852இல் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஓய்வு மணி' என்பதாகும். 'லெஷர்' என்னும் சொல் அதன் தலைப்பில் இடம்பெற்றது. உழைப்போர் குடும்பங்கள் தம் ஓய்வை மதுக்கடையில் கழிக்காமல் பயனுள்ள வாசிப்பில் கழிக்கவேண்டும் என்பது அத்தகு வெளியீடுகளின் எண்ணம். பூங்கா, நூலகம், அருங்காட்சியகம் ஆகியவற்றை இக்காலம் உழைப்போர்க்குத் திறந்துவிட்டது, அது பெரும்பேறே. ஆயினும் இசைவு என்னும் பொருள் சொல்லைவிட்டு முற்றிலும் நீங்கவில்லை. பொழுது தொழிலாளியினது, அதன் பயன் பிறரால் வகுக்கப்பட்டது.

இசைவு உரிமையாதல்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரு நூல்கள் இச்சிக்கலின் இரு முனைகளைத் தொட்டன. பால் லபார்க் 1880இல் எழுதிய 'சோம்பியிருக்கும் உரிமை' அவற்றுள் ஒன்று. 1848இல் பிரான்சில் ஒலித்த வேலைக்கான உரிமை என்னும் முழக்கத்துக்கு மறுப்பாக அது எழுந்தது. பிரெஞ்சில் 'லுவாசிர்' என்னும் சொல் இருக்கவும், அதனை விடுத்து இழுக்கெனக் கருதப்பட்ட சோம்பல் என்னும் சொல்லையே அவர் தலைப்பில் உரிமையோடு சேர்த்தார். பிறர் இசைவை நாடாத ஓய்வுக்கு ஒழுக்கவியல் சூட்டிய பெயர் சோம்பல் என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு.

தார்ஸ்டைன் வெப்ளன் 1899இல் வெளியிட்ட 'ஓய்வு வகுப்பினர் பற்றிய கோட்பாடு' மற்றொன்று. பயன்தரும் உழைப்பில் ஈடுபடாமையே செல்வரின் பெருமைக்குச் சான்றாக அமைவதை அந்நூல் எடுத்துரைத்தது. இசைவு கேட்க வேண்டாத நிலையை ஊரறியக் காட்டுவதே இவ்வகுப்பினரின் ஓய்வு. ஒரே செயலின்மை செல்வரிடம் ஓய்வு எனவும் வறியவரிடம் சோம்பல் எனவும் பெயர்பெற்றது.

எட்டு மணிநேர வேலைக்காக 1886 மே முதல் நாள் அமெரிக்கத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம், இசைவு வேண்டும் மனு கோரிக்கையாக மாறியதைக் காட்டும் பெருநிகழ்ச்சியாகும். 1919இல் உருவான பன்னாட்டுத் தொழில் அமைப்பின் முதல் உடன்படிக்கையே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. 1921இன் உடன்படிக்கை ஒன்று தொழிற்கூடங்களில் வார ஓய்வை வலியுறுத்தியது.

1948 திசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உலக மனித உரிமைகள் அறிக்கையின் 24ஆம் உறுப்பு, ஒவ்வொருவர்க்கும் ஓய்வுக்கான உரிமை உண்டு எனக் கூறுகிறது. ஆங்கில மூலத்தில் 'ரெஸ்ட்', 'லெஷர்' என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. உடலின் களைப்பு நீங்குதல் முன்னது. அதற்குமேல் எஞ்சும் தன்விருப்பப் பொழுது பின்னது. மறுநாள் உழைப்புக்காக உடலைத் தேற்றிக்கொள்ளுதல் மட்டுமே ஓய்வாகாது என்பதை இவ்விரட்டை வழக்கு உணர்த்துகிறது. சொற்பிறப்பு நோக்கில் காணின், இசைவு என்னும் சொல் இவ்வுறுப்பில் உரிமை என்னும் சொல்லோடு சேர்ந்துவிட்டது. கொடுப்பவர் விருப்பத்தைச் சார்ந்தது இசைவு. அவர் விருப்பத்தைச் சாராதது உரிமை. ஏறத்தாழ 650 ஆண்டுகளில் ஒரு சொல் தன் வேர்ப்பொருளுக்கு எதிர்ப்பக்கத்தில் சென்று நின்றது எனலாம்.

இந்தியச் சூழல்

இங்கிலாந்தின் சட்டங்கள் இந்தியாவுக்கு வந்தபோது இசைவின் அளவு சுருங்கியே வந்தது. 1881இன் தொழிற்சாலைச் சட்டம் ஏழு முதல் பன்னிரண்டு அகவை வரையிலான சிறாருக்கு மட்டும் நாளுக்கு ஒன்பது மணிநேர வரம்பையும் மாதத்துக்கு நான்கு விடுமுறைகளையும் விதித்தது. வளர்ந்தோர்க்கு எதுவுமில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே, 1884இல் ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்ட மனுவில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் நண்பகலில் அரைமணி இடைவேளையையும் வேண்டினார். 1890இல் பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். 1891இன் சட்டம் வார விடுமுறையை விதித்தது. 1919இன் பன்னாட்டு உடன்படிக்கையிலும் பிரித்தானிய இந்தியாவுக்குத் தனி விதியாக வாரத்துக்கு 60 மணி என எழுதப்பட்டது. மனிதர்க்குப் பொதுவான எட்டு மணி இந்தியருக்குப் பொருந்தாது என அன்று கருதப்பட்டது.

சென்னையிலும் இவ்வழக்கு எழுந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்ககாலக் குறைகளுள் ஒன்று, ஆலையில் நண்பகல் உணவு இடைவேளை போதாமையாகும். பி. பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவராகவும் இருந்த அச்சங்கம், கூலியோடு பொழுதையும் பொருளாக்கிப் பேசியது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார்.

1948இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என வரம்பிட்டது. இந்திய அரசமைப்பின் 43ஆம் உறுப்பு, உழைப்போர் அனைவர்க்கும் 'லெஷர்' முழுமையாகக் கிடைக்க அரசு முயலவேண்டும் என்கிறது. இச்சொல் அங்குச் சமுதாய, பண்பாட்டு வாய்ப்புகளோடு இணைத்து வைக்கப்பட்டுள்ளது. ஓய்வைக் களைப்பு நீக்கமாக மட்டும் அரசமைப்பு காணவில்லை. எனினும் இவ்வுறுப்பு நீதிமன்றத்தின் வழி வலியுறுத்திப் பெற இயலாத நெறிமுறைக் கோட்பாடுகளின் பகுதியில் உள்ளது. உரிமைக்கும் இசைவுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் ஓய்வு நிற்கிறது.

இவ்விடைநிலையின் நிலையாமையை அண்மை நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கும் சட்டமுன்வரைவு 2023 ஏப்ரல் 21ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தமையால் அது திரும்பப் பெறப்பட்டதாக மே முதல் நாள் அறிவிக்கப்பட்டது. சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிச் சரியாக நூறாண்டுகள் ஆகியிருந்தன.

ஆலைக்கு வெளியே உள்ள உழைப்பும் கருதற்குரியது. 2019இல் நடத்தப்பட்ட இந்தியக் காலப்பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். இவ்வேலைக்கு வரம்பிடும் சட்டமும் இல்லை. வார ஓய்வும் இல்லை.

தமிழும் இந்திய மொழிகளும்

ஓய்வு என்னும் தமிழ்ச்சொல் 'ஓய்' என்னும் வினையடியாகப் பிறந்தது. உள்ள பொருள் நுணுகிப்போதலைக் குறிக்கும் உரிச்சொற்களுள் ஒன்றாக ஓய்தலைத் தொல்காப்பியர் உரியியலில் வைக்கிறார். மழை ஓய்கிறது, அலை ஓய்கிறது, கை ஓய்கிறது. இவ்வழக்குகளில் ஓய்தல் அப்பொருளின் தன்வினை. பிறர் இசைவுக்கு அங்கு இடமில்லை. விடுமுறை, விடுப்பு என்பனவோ 'விடு' என்னும் வினையடியின. விடுபவர் ஒருவர் உண்டு என்பதை அவை உணர்த்துகின்றன. இந்தியில் விடுமுறையைக் குறிக்கும் 'சுட்டி' என்பதும் விடுபடுதலைக் குறிக்கும் 'சூட்னா' என்னும் வினையோடு தொடர்புடையதே. உடலை நோக்கியது ஓய்வு. அதிகாரத்தை நோக்கியது விடுப்பு. 'லெஷர்' என்பதை ஓய்வு எனப் பெயர்க்கும்போது அதன் அதிகார வரலாறு மறைந்துவிடுகிறது.

மேலும் ஒரு சொல் ஒப்புநோக்கத்தக்கது. 'அவகாசம்' என்னும் வடசொல் இடைவெளி, இடம் என்னும் பொருளது. இந்தியில் அது விடுப்பையும் ஓய்வையும் குறிக்கிறது. பணி ஓய்வு பெற்றவரையும் அச்சொல்லின் வழியே சுட்டுவர். தெலுங்கிலும் கன்னடத்திலும் வாய்ப்பு எனப் பொருள்படுகிறது. தமிழில் காலம் தருதலைக் குறிக்கிறது; சாவகாசம் என்பது பரபரப்பற்ற நிலை. மலையாளத்திலோ அவகாசம் என்றால் உரிமை. ஆங்கிலச் சொல் நூற்றாண்டுகளில் கடந்த வாய்ப்பு, ஓய்வு, உரிமை என்னும் கருத்துகளை இவ்வொரு சொல் இந்திய மொழிகளின் பரப்பில் ஒரே காலத்தில் காட்டி நிற்கிறது.

கேரளத்துத் துணிக்கடைகளில் நாள்முழுதும் நின்றே பணிசெய்த பெண்கள், அமர்வதற்கான உரிமை வேண்டிப் போராடினர். 2018இல் அம்மாநிலம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியை உறுதிசெய்தது. 2021இல் தமிழ்நாடும் அவ்வாறு செய்தது. அமர்தல் என்னும் மிகச் சிறிய ஓய்வுக்கு 21ஆம் நூற்றாண்டிலும் சட்டம் தேவைப்பட்டது. 1563இல் அரைமணி உறக்கத்துக்கு மேல்வரம்பிட்ட சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை தெளிவு. முன்னது ஓய்வு மிகாமல் காத்தது. பின்னது ஓய்வு குன்றாமல் காக்கிறது. மலையாளத்தில் அப்பெண்கள் வேண்டியது அவகாசம்.

முடிவுரை

'லெஷர்' என்னும் சொல் இசைவு என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தது. வாய்ப்பு, தன்விருப்பப் பொழுது, எஞ்சிய நேரம் என அது பொருள் வளர்ச்சி பெற்றது. ஓய்வு மேலிருந்து தரப்படுவது என்னும் அதன் வேர்ப்பொருளை 1563, 1647 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் உறுதிப்படுத்துகின்றன. தொழிலாளர் இயக்கங்களால் அவ்விசைவு 1948இல் உரிமை என அறிவிக்கப்பட்டது. ஆயினும் இந்திய அரசமைப்பில் அது நெறிமுறையாகவே உள்ளது. வீட்டில் உழைக்கும் பெண்ணுக்கு நெறிமுறையளவிலும் எட்டவில்லை.

அகராதிகள் இச்சொல்லுக்கு ஓய்வு எனப் பொருள் தருவது பிழையன்று. ஆனால் களைத்த உடல் தானே ஓய்வது வேறு, ஓயலாம் என ஒருவர் விடுவது வேறு, ஓய்வு எனக்குரியது என ஒருவர் சொல்வது வேறு. இம்மூன்றுக்கும் தமிழில் ஓய்வு, விடுப்பு, உரிமை எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. சட்ட ஆவணங்களைத் தமிழாக்குவோர் எவ்விடத்தில் எச்சொல்லை ஆள்வது என்பதைத் தெரிந்து தெளிதல் வேண்டும். விடுப்பு என எழுதப்படுவதை மறுக்க இயலும். உரிமை என எழுதப்படுவதை மறுப்பவர் அதற்கு விடைகூறக் கடமைப்பட்டவராவார்.